தண்ணீர் வேலைக்கு வரும் புது சிவில் எஞ்சினியர்: முதல் மூன்று வருஷம் எப்படி இருக்கும்?

சிவில் முடித்த ஒருவரிடம் எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று கேட்டால் பில்டிங் என்பார், இல்லாவிட்டால் ரோடு, பாலம், மெட்ரோ என்பார். தண்ணீர் என்று சொல்பவர் அபூர்வம். கல்லூரியில் அது இரண்டு மூன்று பேப்பர், தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து படித்தாலே தேறிவிடலாம் என்று அதற்கு ஒரு பெயர். ஆனால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் படித்து வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் இப்போது தண்ணீரில்தான் நிற்கிறார்கள், பாதிப்பேர் தெரியாமலேயே வந்து விழுந்தவர்கள். 2019 ஆகஸ்ட்டில் கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கொடுக்கும் ஜல் ஜீவன் மிஷன் அறிவித்தார்கள், 2021இல் நகரங்களுக்கான அம்ருத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது, நடுவில் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள், பாதாளச் சாக்கடை, அப்புறம் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கரை பலப்படுத்தும் வேலை. ஆள் தேவைப்பட்டது, போனார்கள்.

போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ஒரே படிப்பு படித்து ஒரே வருஷம் இந்தத் துறைக்கு வந்த இரண்டு பேர், மூன்று வருஷம் கழித்துப் பேசிக்கொண்டால் இரண்டு வேறு தொழிலைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். காரணம், ஒரு குடிநீர்த் திட்டம் நம் ஊரில் நான்கு கைகளில் பிரிந்து கிடக்கிறது. டிசைனும் திட்ட அறிக்கையும் ஒரு கன்சல்டன்ட் கையில். எஸ்டிமேட், டெண்டர், அளவு, பில் எல்லாம் துறையின் கையில்: தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியம் அல்லது நகராட்சி, புதுச்சேரியில் பொதுப்பணித்துறையின் பொது சுகாதாரக் கோட்டம். பள்ளம் தோண்டிக் குழாய் போடுவது கான்ட்ராக்டர். கடைசியில் தினமும் தண்ணீர் திறந்துவிடுவது பராமரிப்பு ஆட்கள். புதிதாக வரும் எஞ்சினியர் இதில் ஏதாவது ஒன்றில் விழுவார், மற்ற மூன்றையும் காகிதத்தில் மட்டும் பார்ப்பார். டிசைன் போட்டவருக்கு அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததா என்று தெரியாது, தண்ணீர் விடுபவருக்கு அந்தக் குழாய் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று தெரியாது.

அதிகம் பேர் முதலில் விழுவது கான்ட்ராக்டர் பக்கம். சைட் எஞ்சினியர் என்று பெயர், வேலை என்னவோ எல்லாம்தான். காலையில் ஜே.சி.பி. வந்ததா, டீசல் இருக்கிறதா, குழாய் இறக்கிய லாரிக்கு ரசீது போட்டாயா என்று போன் வரும். அது போக ரோடு கட்டிங் பர்மிஷன். ஒரே குழாய் பஞ்சாயத்து ரோட்டில் தொடங்கி, நெடுஞ்சாலைத் துறை ரோட்டைக் கடந்து, தேசிய நெடுஞ்சாலை ஓரமாகப் போய், ரயில் பாதைக்கு அடியில் நுழையும், ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி டெபாசிட். புதுச்சேரிப் பக்கம் இன்னொரு வேடிக்கை: பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை நேர்கோடு இல்லை, நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமம் வரும், மறுபடி புதுச்சேரி வரும். ஹைட்ராலிக்ஸ் படித்துவிட்டு வந்தவர் முதல் சில மாதம் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைவது இதனால்தான். இதை அவமானமாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒரு திட்டம் ஏன் இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது என்பது இந்த அலைச்சலில்தான் புரியும்.

மண் விஷயத்துக்கு வருவோம், இந்தக் கடலோரத்தில் அதுதான் பெரிய வாத்தியார். மேட்டுப் பக்கம் கேப்பர் மலைச் செம்மண், கடலூர் மணற்கல் என்று நிலவியல் புத்தகத்திலேயே ஊர்ப் பேரோடு இருக்கும் அமைப்பு. தோண்டினால் ஓரளவு நிற்கும். கிழக்கே இறங்கினால் வெறும் மணல், ஐப்பசி கார்த்திகையில் ஓர் ஆள் ஆழம் போவதற்குள் தண்ணீர் ஊறிவிடும், பக்கச் சுவர் சரியும். அந்த இடத்தில் கீழ்நிலைத் தொட்டி, அதாவது சம்ப் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நீளம் 5 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர், சுவர் 20 சென்டிமீட்டர், அடித்தளம் 25 சென்டிமீட்டர். மேல்மூடி இன்னும் போடவில்லை. கான்கிரீட் சுமார் 17 கன மீட்டர், எடை 42 டன். கான்கிரீட் பெட்டி 42 டன் இருக்கிறதே, இது எங்கே போகப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கு ஏறினால் அந்தப் பெட்டி ஒதுக்கும் தண்ணீர் 75 கன மீட்டர், அதாவது 75 டன் மேல்நோக்கித் தள்ளும். 42 டன்னைத் தூக்க 75 டன் எதற்கு, பள்ளத்தில் 1.7 மீட்டர் தண்ணீர் நின்றாலே போதும், காலியான சம்ப் மிதந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூடி போட்டாலும் 51 டன்தான், கணக்கு இன்னும் உதைக்கும். அதனால்தான் அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் ஏற்றுகிறார்கள். வேலை நடக்கும்போது ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் இறைக்கிற மோட்டாரை நிறுத்தாதே, முடியாவிட்டால் தொட்டிக்குள்ளேயே தண்ணீரை விட்டு நிரப்பு என்று பழைய மேஸ்திரி சொல்வதும் இதனால்தான். ஆர்க்கிமிடீஸை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வளைவில் போடும் த்ரஸ்ட் பிளாக்கும் இந்த ரகம். ரப்பர் வளையம் வைத்துத் தள்ளிச் செருகும் டி.ஐ. (டக்டைல் அயர்ன்) இரும்புக் குழாயில் ஒரு வளைவு வந்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் அந்த வளைவை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னால் கான்கிரீட் முட்டுக் கொடுக்காமல் மண்ணை மூடிவிட்டால் பிரஷர் டெஸ்ட் அன்று ஜாயின்ட் கழன்று தெரு முழுக்கத் தண்ணீர். டிராயிங்கில் அது ஒரு சின்னச் சதுரம். சைட்டில் சிமென்ட் தீர்ந்த சாயங்காலம் முதலில் விட்டுப்போவதும் அந்தச் சதுரம்தான்.

துறை பக்கம் போனவருக்கு முதல் பாடம் எம்-புக். பக்க எண் அச்சடித்த அந்த அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் பணம். அடித்துத் திருத்த வேண்டுமானால் எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், ரப்பரால் அழித்தால் தொலைந்தது. பள்ளம் மூடுவதற்கு முன்னால் போய் அளந்தீர்களா, மூடிய பிறகு கான்ட்ராக்டர் சொன்னதை எழுதினீர்களா என்பதில்தான் ஓர் ஏ.இ.யின், அதாவது உதவிப் பொறியாளரின் பேர் நிற்கிறது. மண்ணுக்கு அடியில் போய்விட்ட வேலையைத் தணிக்கைக்கு வருபவர் தோண்டிப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் நடக்கும் கூத்துகள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்கு இந்த இடத்தில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தம் வரும், அதை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைக்கவில்லை.

சரி, குழாய் போட்டாயிற்று, தண்ணீர் விடுகிறோம். புத்தகத்துக்கும் ஊருக்கும் இருக்கும் பெரிய இடைவெளி இங்கேதான் தெரியும். படிக்கும்போதும், ஈபாநெட் மாதிரியான மென்பொருளில் போடும்போதும், குழாய் 24 மணி நேரமும் நிரம்பியிருக்கிறது என்று வைத்துத்தான் கணக்கு. மத்திய அரசின் குடிநீர்க் கையேடு 50,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு உச்ச நேரத் தேவை சராசரியைப் போல மூன்று மடங்கு என்று எடுக்கச் சொல்கிறது, அதை வைத்துக் குழாய் அளவு தேர்ந்தெடுக்கிறோம். ஊரில் நடப்பது என்ன? காலையில் இரண்டு மணி நேரம் திறப்பார்கள். ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லா வீட்டிலும் பிடிக்கப் பார்க்கிறார்கள். சராசரியைப் போல 12 மடங்கு ஓட்டம், டிசைன் செய்ததைப் போல 4 மடங்கு. ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வு இழப்பு ஓட்டத்தின் 1.85 அடுக்கில் ஏறும், 4 மடங்கு ஓட்டத்துக்கு இழப்பு 13 மடங்கு. 12 மீட்டர் உயரத் தொட்டியில் அவ்வளவு அழுத்தத்துக்கு எங்கே போவது? தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரர் மாடி வரை பிடித்துக்கொள்வார், கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் காற்று வரும். அவர் என்ன செய்வார், கனெக்‌ஷனில் ஒரு மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார், அதைப் பார்த்து எதிர் வீடும் போடும். உறிஞ்சும்போது குழாயில் எங்கே விரிசல் இருந்தாலும் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர் நின்றபிறகு காலியாகக் கிடக்கும் குழாயிலும் இதே கதை. கோடையில் ஏதோ ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்தால் முதலில் தேட வேண்டியது குழாயும் சாக்கடையும் இப்படிச் சந்திக்கும் இடத்தைத்தான்.

இதைச் சமாளித்துக்கொண்டிருப்பவர் வால்வு திறப்பவர். எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும், எதை முதலில் மூட வேண்டும், எந்த வால்வின் மூடி போன வருஷம் ரோடு போட்டபோது தாருக்கு அடியில் போய்விட்டது, எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. "சார், மேப்பைப் பாக்காதீங்க, அது பழசு" என்று அவர் சொன்னால் நம்பலாம். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் சொற்பம். என் அபிப்பிராயத்தில் இந்தத் துறைக்கு வரும் பட்டதாரி முதல் மாதத்தில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அவர் பின்னால் வண்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றி வருவது. 'அண்ணே' என்று கூப்பிட வாய் வர வேண்டும். "யோவ்" என்று கூப்பிடும் எஞ்சினியருக்கு அவர் ஒரு வால்வையும் காட்ட மாட்டார்.

குளோரின் சமாச்சாரமும் கணக்கு எளிது, கள நிலை வேறு. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 600 கிராம் போதும். அதே மூட்டை பம்ப் ரூம் ஓரத்தில் வாய் பிரிந்து, கடல் காற்றில் ஈரம் ஏறிக் கிடந்து, வீரியம் 20 சதவீதமாக இறங்கியிருந்தால் ஒரு கிலோ போட வேண்டும். ஆபரேட்டர் வழக்கம்போல அதே டப்பாவில்தான் அளப்பார். ஆகையால் ரிஜிஸ்டரில் எழுதியதை விட்டுவிட்டு, குளோரின் பார்க்கும் கிட்டை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போய்ச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் வரவில்லை என்றால் ரிஜிஸ்டர் பொய்.

புதுச்சேரிக்கென்று தனிப் பாடம் ஒன்று உண்டு, உப்பு. குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்தி வைக்கும் என்று நீரியலில் படித்திருப்போம். திருப்பிப் படித்தால் ஒரு மீட்டர் இறங்கினால் உப்பு 40 மீட்டர் ஏறும். புத்தகத்தில் அது இரண்டு மார்க் கேள்வி, இங்கே ஒரு போர்வெல் கைவிடப்படுவதற்கான காரணம். 2021இலேயே எல்லாக் கிராமப்புற வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று என்று அறிவித்த பிரதேசம் இது, ஆனாலும் நகரத்தில் குடிப்பதற்கு கேன் தூக்குகிறார்கள். குழாய் போடுவதும் குடிக்கத் தகுந்த தண்ணீர் கொடுப்பதும் வேறு வேறு வேலை என்பதை இங்கே சேருகிற புது ஆள் சீக்கிரம் கற்றுக்கொள்வார். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்று தரநிலை சொல்வதில் அந்த 'வேறு வழி இல்லையென்றால்' எத்தனை ஊரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியவரும்.

கழிவுநீர்ப் பக்கம் போக யாருக்கும் ஆசையில்லை, வீட்டில் சொல்லக்கூடக் கூச்சப்படுகிறார்கள். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து வந்த விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைவில் நிற்கும் 5 சென்டிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கதவு, ட்ராப் என்கிறோம். அது இல்லாமலோ வறண்டோ இருந்தால் உள்ளே வருவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம் வரும் என்று படித்திருக்கிறோம், ஆனால் காற்றில் அது 100 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 100 பங்கை) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் எத்தனை வருஷ அனுபவம் உள்ளவராக இருந்தாலும் கேட்காதீர்கள். மேன்ஹோலுக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எவ்வளவு பெரிய குற்றம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவசரம், அடைப்பு, கவுன்சிலர் நிற்கிறார் என்று சொல்லி உங்களிடம்தான் வாய்வழி உத்தரவு கேட்பார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அவசரம் அப்படியே குறையும்.

நீர்வளத்துறை வேறு உலகம். ஒன்பது மாதம் எஸ்டிமேட், மூன்று மாதம் தூக்கமில்லை. வீராணம் ஏரி அதன் முழு மட்டமான 47.5 அடியைத் தொடப்போகிறது என்றால் கரையில் ராத்திரி டார்ச்சோடு நிற்பவர் போன வருஷம் வேலைக்கு வந்த ஏ.இ.யாக இருக்கலாம். மணல் மூட்டை, சவுக்குக் கம்பு, மணிக்கொரு தடவை கன அடிக் கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தபோது அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியே கடலூர், பாகூர்ப் பக்கம் வந்து சேர எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நேரத்துக்கு நேரம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஹைட்ரோகிராஃப் வளைகோடு போட்டுப் படித்த பாடத்துக்கு அன்று ஊர்ப் பெயர்களும் ஜன்னல் வரை தண்ணீரும் இருந்தன. இன்னொன்று, பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் தொடங்கும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது, ஏரி புதுச்சேரியில் இருக்கிறது. ஷட்டரைத் திறப்பது ஓர் அரசு, நிரம்புவது இன்னோர் அரசின் ஏரி. அங்கே வேலை பார்ப்பவருக்குக் கடிதம் எழுதும் கலை தானாக வந்துவிடும்.

ஊரிலேயே இருக்காமல் சென்னை, பெங்களூர் டிசைன் சென்டர்களுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தண்ணீர்க் கம்பெனிகள் ஐந்து வருஷத் தவணையாகச் செலவு செய்பவை, 2025 முதல் 2030 வரைக்கு அங்கே உள்ள ஒழுங்குமுறை ஆணையம் ஆஃப்வாட் அனுமதித்தது 104 பில்லியன் பவுண்டு. அதன் டிசைனில் ஒரு பங்கு இங்கே உட்கார்ந்து செய்யப்படுகிறது. சம்பளம் பரவாயில்லை, ஏ.சி. அறை, மென்பொருள் நன்றாகக் கைவரும். ஆனால் மூன்று வருஷம் ஆங்கிலேயச் சாக்கடைக்கு மாடல் போட்டவர் ஒரு சாக்கடையையும் திறந்து பார்த்திருக்க மாட்டார். அதே கம்பெனியில் இங்கிலாந்திலேயே சேரும் பட்டதாரிக்குப் பொதுவாகச் சுற்று முறை உண்டு, கொஞ்ச காலம் டிசைன், கொஞ்ச காலம் சைட். அங்கே உள்ள சிவில் எஞ்சினியர்கள் அமைப்பின் விதிப்படி ஒரு மூத்தவர் மேற்பார்வையில் என்ன கற்றார் என்று பதிவு செய்து, தேர்வாளர்கள் முன்னால் பேசித் தேறினால்தான் சார்ட்டர்ட் எஞ்சினியர் என்ற தொழில்முறைத் தகுதி. நம்மிடம் அப்படி எதுவும் கட்டாயமில்லை. சான்றிதழ் கையில் வந்த அன்றே முழு எஞ்சினியர், கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருக்கும் கிடையாது, மேலே நல்ல ஏ.இ.இ. (உதவிச் செயற்பொறியாளர்) அமைந்தால் அதிர்ஷ்டம்.

பெண்களுக்கு அந்த அதிர்ஷ்டத்திலும் வெட்டு. சைட்டில் கழிவறை இல்லை, ராத்திரி கான்கிரீட் போடும்போது வீட்டுக்குப் போக வண்டி இல்லை, அதனால் 'நீ ஆபீஸில் பில் பாரும்மா' என்று அன்பாகச் சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஆட்கள் 'உனக்கு சைட் அனுபவம் இல்லையே' என்பார்கள். குடிநீர்த் திட்டத்துக்கு வேலை செய்யும் கம்பெனி சைட்டில் ஒரு கழிவறை வைக்க முடியாது என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆக, இரண்டாவது வருஷத்தில் பலர் கழன்றுகொள்கிறார்கள். அரசுத் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி. மூலம் வரும் ஏ.இ. பதவிக்கு அடிப்படைச் சம்பளமே 37,700 ரூபாயில் தொடங்குகிறது, கான்ட்ராக்டரிடம் வெயிலில் நிற்கும் பையன் அதைப் பார்க்காமல் எதைப் பார்ப்பான். கோச்சிங்குக்குப் போய்விடுவான். அவன் இடத்துக்கு இன்னொரு புது ஆள். திட்டம் முடியும்போது குழாய் உண்மையில் எங்கே போடப்பட்டது என்று தெரிந்தவர் ஒருவரும் கம்பெனியில் இருக்க மாட்டார். டிராயிங்கில் ரோட்டின் இடப்பக்கம் போக வேண்டிய குழாய், டெலிபோன் கேபிள் குறுக்கே வந்ததால் வலப்பக்கம் போயிருக்கும். வேலை முடிந்தபின் கொடுக்க வேண்டிய வரைபடம் என்று டெண்டரில் ஒரு வரி இருக்கும், பழைய டிராயிங்கிலேயே தலைப்பை மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். வால்வு திறப்பவரின் ஞாபகம் மட்டும்தான் ஊருக்கு வரைபடம் என்ற நிலைமை இப்படித்தான் உண்டாகிறது.

நேர்காணலுக்குப் போகிறவர் சம்பளத்தோடு சேர்த்து ஒன்று கேட்கலாம்: தண்ணீர் திறந்துவிடும் கட்டம் வரை என்னை அந்த சைட்டில் வைத்திருப்பீர்களா, இல்லை குழாய் போட்டதும் அடுத்த ஊருக்கு மாற்றிவிடுவீர்களா? முதல் மூன்று வருஷத்தில் சின்னத் திட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றே ஒன்றை லெவல் எடுப்பதிலிருந்து கடைசித் தெருவில் குடம் நிறைவது வரை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சைட்டில் இருப்பவர்கள் இன்றைக்கே தொடங்கலாம், செலவில்லாத வேலை. பள்ளம் மூடுவதற்கு முன் ஒவ்வொரு வால்விலும், ஒவ்வொரு வளைவிலும் போனில் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து, ரோட்டு ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், என்ன குழாய் என்று எழுதி, கூகுள் எர்த்தில் கோடாகப் போட்டு வையுங்கள். வேலையை விட்டுப் போகும்போது அந்தக் கோப்பை ஏ.இ.க்கு ஒன்று, பராமரிப்பு ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒன்று அனுப்பிவிட்டுப் போங்கள்.